ராத்திரிக்குத் தொட்டுக்கிட என்ன?

சாயங்காலம் ஆறு மணி அடித்தால் எங்கள் அம்மாவிடமிருந்து ஒரு கேள்வி வரும். "ஏல, ராத்திரிக்குத் தொட்டுக்கிட என்ன?" சாப்பாடு என்ன என்று அவள் கேட்பதில்லை. அது தெரிந்ததுதானே. மாவு புதுசாக இருந்தால் இட்லி, ஒரு நாள் ஆனால் தோசை, புளித்துப் போனால் வெங்காயம் போட்டு ஊத்தப்பம். மாறுவது தொட்டுக்கிட வைப்பது மட்டும்தான். இது புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது. அதுவரை தினம் ஒரு புது டிபனுக்கு அலைந்து, சேமியா, ரவை, கோதுமை ரவை என்று எல்லாவற்றையும் கிண்டி, வீட்டில் எல்லோர் வாயிலும் விழுந்தேன்.

நான் டவுன் நயினார்குளம் மார்க்கெட்டில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பினால் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் பாளையங்கோட்டையில் வீடு. மனைவி டீச்சர். ராமநாதபுரம் பக்கம் மாற்றலாகி, அங்கேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிவிடுவாள். நடுவில் உள்ள ராத்திரி எல்லாம் என் பொறுப்பு. சாப்பிடுகிறவர்கள் மூன்று பேர். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, மிச்சமிருப்பது நாலு பல். பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு உறைப்பு இல்லாவிட்டால் இறங்காது. நான் ஒன்பது மணிக்குப் படுத்தாக வேண்டும். இந்த மூன்று பேருக்கும் ஒரே அடுப்பில், அரை மணி நேரத்தில் முடிகிற மாதிரி என்ன செய்யலாம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் மாவு, சுருக்கமாக. நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரிசி என்றால் நான் அம்பை 16 தான் வாங்குவேன். அம்பாசமுத்திரத்து நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1986-இல் வந்த ரகம், கட்டைக் குண்டு அரிசி. சோறாக வடித்தால் என் மகள் தட்டைப் பார்த்தே முகத்தைச் சுளிப்பாள். அதே அரிசியை இட்லிக்குப் போட்டால் ஐந்தாவது இட்லி கேட்பாள். மத்தியானம் வந்ததும் ஊறப்போட்டு, சாயங்காலம் ஐந்தரைக்கு கிரைண்டரில் உளுந்தை முதலில் ஆட்டுவேன். ஒரு சொட்டு உளுந்து மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், முங்கினால் இன்னும் ஆட்ட வேண்டும். அரிசியையும் ஆட்டி, உப்புப் போட்டுக் கையால் கரைத்து வைத்துவிட்டால், மூன்று மணிக்கு நான் எழுந்திருக்கும்போது பொங்கி நிற்கும். பல் விளக்குவதற்கு முன்னால் அதை ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிட்டுத்தான் மறு வேலை. சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு மணிக்கே பொங்கி வழிந்துவிடும். அந்த மாதங்களில் ஏழு மணிக்கு மேல்தான் ஆட்டுவேன். மார்கழியில் நேர்மாறு, காலையில் அம்மாதான் பார்த்து எடுத்து வைப்பாள்.

கடை மாவும் வாங்கியிருக்கிறேன், மறுக்கவில்லை. ஒரு தடவை பக்கத்துத் தெருவில் வாங்கிய பாக்கெட்டைப் பிரித்தால் காடி வாசம் தெருவரை அடித்தது. அன்றைக்கு மூன்று பேரும் பிரெட்டைச் சுட்டுத் தின்றோம்.

புளிமிளகாய்

இது மட்டும் வீட்டில் ஒரு பாட்டில் இருந்தால் வாரத்தில் மூன்று ராத்திரி தப்பித்துவிடலாம். திருநெல்வேலிப் பக்கத்தில் இட்லி, தோசைக்கு மட்டுமல்ல, தயிர்ச் சோற்றுக்கும் பழைய சோற்றுக்கும் இதுதான் துணை. எனக்குச் சொல்லிக் கொடுத்தது மதினி. அண்ணன் குடும்பம் அம்பாசமுத்திரத்தில் இருக்கிறது. போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்புப் பக்கம் வைத்துக்கொண்டு, அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். "அளவெல்லாம் கேட்காதீங்க கொழுந்தனாரே, கண்ணால பாத்துக்கிடுங்க" என்றாள். மண்டியில் கணக்கு எழுதுகிறவனுக்கு அது சரிப்படுமா? இரண்டாம் தடவை தராசு வைத்து நிறுத்து எழுதி வைத்தேன். அதுதான் இது.

பச்சை மிளகாய் 150 கிராம். நீளமாக மெலிந்து வளைந்திருப்பது வேண்டாம். சுண்டுவிரலை விடக் குட்டையாக, கொஞ்சம் தடித்து, அழுத்தினால் கெட்டியாக இருப்பது வேண்டும். கழுவித் துணியால் ஈரம் போகத் துடையுங்கள். காம்பை முழுக்கப் பிய்க்காமல் நகக்கண் அளவுக்கு விட்டுக் கிள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு மிளகாயிலும் கத்தி நுனியால் ஒரு கீறல். இந்தக் கீறலை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதல் தடவை நான் விட்டேன். சட்டியில் நாலு மிளகாய் அடுத்தடுத்து வெடித்து, எண்ணெய் முழங்கை வரை தெறித்தது. சத்தம் கேட்டு அம்மா அடுக்களைக்கு வந்து பார்த்துவிட்டு, "மிளகாய்க்கும் மூச்சு விட ஒரு வழி வேண்டாமால?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இரண்டாகப் பிளந்துவிடவும் கூடாது. விதை எல்லாம் புளியில் கலந்தால் அம்மாவால் தொட முடியாது.

எலுமிச்சம்பழத்தை விட ஒரு சுற்றுப் பெரிதாகப் புளி, ஒன்றரை டம்ளர் வெந்நீரில். பழைய புளி என்றால் நிறம் கருப்பாகவும் புளிப்பு அடங்கியும் இருக்கும், இதற்கு அதுதான் தோது. பங்குனியில் வருகிற புதுப்புளி பல்லைக் கூச வைக்கும், அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். கெட்டியாகக் கரைத்து வடிகட்டி வையுங்கள்.

இனி அடுப்பு. சன்னலைத் திறந்துவிடுங்கள், படிக்கிற பிள்ளை இருந்தால் அந்த அறைக் கதவைச் சாத்துங்கள். அடி கனமான சட்டியில் கால் டம்ளர் நல்லெண்ணெய். வேறு எண்ணெயில் செய்தால் அது புளிமிளகாய் இல்லை, ஏதோ மிளகாய்க் குழம்பு. எண்ணெய் காய்ந்ததும் கடுகு, அது வெடித்ததும் அரை ஸ்பூன் உளுத்தம்பருப்பு, கால் ஸ்பூன் வெந்தயம், பெருங்காயம். வெந்தயம் சிவந்த கையோடு மிளகாயைப் போட்டு, தீயைப் பாதிக்குக் குறைத்து வதக்குங்கள். அவசரப்பட்டால் பச்சை வாசம் கடைசி வரை போகாது. ஏழெட்டு நிமிஷம் ஆகும். மிளகாய் முதலில் பளபளவென்று இன்னும் பச்சையாகும். கொஞ்ச நேரத்தில் அந்தப் பச்சை வெளுத்து, தோலில் அங்கங்கே வெள்ளைக் கொப்புளம் தட்டி, உடம்பு துவண்டு சட்டியில் சாயும். கரண்டியால் தூக்கினால் இரண்டு பக்கமும் தொங்க வேண்டும். அதுதான் பதம்.

இப்போது புளிக்கரைசல், கால் ஸ்பூன் மஞ்சள் பொடி, ஒன்றரை ஸ்பூன் கல்லுப்பு. கொதிக்க விடுங்கள். கால் மணி நேரம் போனால் குழம்பு சுண்டி, எண்ணெய் பிரிந்து சட்டி ஓரத்தில் கண்ணாடி மாதிரி நிற்கும். நெல்லிக்காய் அளவுக்கு உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு இரண்டு கொதி வந்ததும் இறக்கிவிடலாம். வெல்லமும் போடலாம். ஆனால் கருப்பட்டிக்குத்தான் அந்த லேசான புகை வாசம் உண்டு. மதினி கடைசியில் வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு சிட்டிகை தூவச் சொல்வாள். நான் பாதி நாள் மறந்துவிடுவேன். மறந்ததை இதுவரை ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.

அன்றைக்கே சாப்பிடாதீர்கள். முதல் நாள் புளி ஒரு பக்கமும் மிளகாய் ஒரு பக்கமும் நிற்கும். மறுநாள்தான் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும். ஞாயிற்றுக்கிழமை மனைவியை பஸ் ஏற்றிவிட்டு வந்து செய்தால், செவ்வாய்க்கிழமை தோசைக்கு அருமையாக இருக்கும். ஈரக் கரண்டி போடாமல் கண்ணாடி பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்தால் பத்து நாள் தாங்கும். எங்கள் வீட்டில் அவ்வளவு நாள் மிஞ்சியது இல்லை.

மூன்று வாய்க்கு ஒரே தொடுகறி என்று சொன்னேனே, அது இப்படித்தான் நடக்கிறது. மகள் மிளகாயைப் பொறுக்கித் தின்பாள், அம்மா புளியைத் தோசையில் தடவிக்கொள்வாள், அடியில் தேங்கிய எண்ணெய் எனக்கு. "மிளகாய் ஒனக்கு, புளி எனக்குட்டி" என்று ஆச்சியும் பேத்தியும் பாகப்பிரிவினை செய்து முடிக்கும்போது நான் இரண்டாவது தோசையில் இருப்பேன். இதற்குத் தோசை முறுகலாக வேண்டாம். கொஞ்சம் கனமாக ஊற்றி, மேலே ஒரு மூடி போட்டு, திருப்பாமல் எடுத்தால் புளியை நன்றாக உறிஞ்சும்.

புளிமிளகாய் தீர்ந்துபோன நாட்களில் தேங்காய்ச் சட்னி. அதை நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. விசேஷத்துக்கு மறுநாள் என்றால் சுண்டக்கறி. மீந்த சாம்பார், அவியல், பொரியல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டி, சுண்டச் சுண்டக் காய்ச்சுவது. பார்க்க ஒரு மாதிரி இருக்கும். தேங்காய் சேர்ந்ததால் அவியலை முகர்ந்து பார்த்துவிட்டே சேர்க்க வேண்டும், அது மட்டும் கவனம். தேங்காய்ப்பால் குழம்பான சொதி மீந்தால் மட்டும் இதில் சேர்க்கமாட்டேன், பாவம். தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிடாமல் லேசாகச் சூடு காட்டி இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்வோம்.

மாவும் இல்லை, மீந்ததும் இல்லை என்றால் கஞ்சியும் காணத் துவையலும். மற்ற ஊர்களில் கொள்ளு என்பதுதான் எங்களுக்குக் காணம். கால் டம்ளர் காணத்தை வெறும் சட்டியில் சிவக்க வறுத்து, அதோடு நாலு வற்றல் மிளகாய், இரண்டு பல் பூண்டு, ஒரு பிடி தேங்காய்த் துருவல், சுண்டைக்காய் அளவு புளி, உப்பு வைத்து அரைக்க வேண்டியதுதான். மிக்ஸியில் முதலில் காணத்தை மட்டும் பொடியாக்கிவிட்டு மற்றதைச் சேருங்கள். இல்லாவிட்டால் மிச்சமிருக்கிற நாலு பல்லுக்கும் ஆபத்து.

சனிக்கிழமை ராத்திரி உளுந்தஞ்சோறு

சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும்தான், ஆச்சி காலத்திலிருந்து. மற்ற வீடுகளில் இதை மத்தியானம் செய்வார்கள். எனக்கு மண்டி இருப்பதால் எங்களுக்கு ராத்திரி. உளுந்து ராத்திரியில் கனக்கும் என்று சொல்வார்கள், பொய்யில்லை. ஏழு மணிக்குள் சாப்பிட்டுத் தெருவில் நாலு நடை நடந்துவிட்டு வந்தால் ஒன்றும் செய்யாது.

நாலு பேருக்கு ஒன்றரை டம்ளர் அரிசி, முக்கால் டம்ளர் தொலி உளுந்து. அரிசி இரண்டு பங்கென்றால் உளுந்து ஒரு பங்கு. தொலி உளுந்து என்றால் கருப்புத் தோலோடு உடைத்தது. என் மனைவி வெள்ளை உளுந்துக் கட்சி. சோறு பார்க்கப் பளிச்சென்று இருக்கிறதாம். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த வழக்கு நடக்கிறது. தோலில்தான் வாசமே இருக்கிறது என்பது என் கட்சி. சனிக்கிழமை கரண்டி என் கையில் இருப்பதால் தீர்ப்பும் என் பக்கம்.

உளுந்தை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, அரிசியோடு சேர்த்துக் கழுவி குக்கரில் போடுங்கள். உரித்த பூண்டு பதினைந்து பல் முழுசாக, ஒரு ஸ்பூன் சீரகம், அரை ஸ்பூன் வெந்தயம், அரை மூடித் தேங்காய்த் துருவல், உப்பு, ஆறு டம்ளர் தண்ணீர். தண்ணீர் கூடுதலோ என்று தோன்றும், குறைக்காதீர்கள். உளுந்து குடித்துவிடும். நடுத்தரத் தீயில் நாலு விசில். திறந்ததும் கரண்டிக் காம்பால் ஒரு கிளறு. பொலபொலவென்றும் இல்லாமல் கஞ்சியாகவும் இல்லாமல், உருட்டினால் உருண்டையாக நிற்கிற பதம் வேண்டும். பூண்டு வெந்து வெண்ணெயாக இருக்கும். அம்மா முதலில் அதைத்தான் தேடி எடுப்பாள்.

சோற்றை யார் வைத்தாலும் வந்துவிடும். எள்ளுத் துவையலில்தான் ஆளைச் சோதிக்கும். கருப்பு எள் அரைக் கால் டம்ளர். எள்ளில் மண் இருக்கும். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி எள்ளைக் கலக்கி, மேலே வருவதை உள்ளங்கையால் அள்ளி அள்ளி வடிகட்டியில் போடுங்கள். அடியில் மணல் தங்கிவிடும். அவசரத்தில் பாத்திரத்தோடு சாய்த்தீர்களோ, துவையல் நறநறவென்று கடிபடும்.

ஈர எள்ளை அப்படியே இரும்புச் சட்டியில் போட்டு வறுங்கள். முதலில் சட்டியோடு ஒட்டிக்கொண்டு வராது. ஈரம் வற்றியதும் மணல் மாதிரி ஓடத் தொடங்கும். அப்புறம் படபடவென்று பொரியும். இங்கேதான் விஷயம். எள்ளே கருப்பு. கருகினால் நிறத்தில் ஒன்றும் தெரியாது. கண்ணை நம்பி நான் இரண்டு சனிக்கிழமை கசப்புத் துவையல் போட்டிருக்கிறேன். கசந்த எள்ளுக்கு மாற்று கிடையாது. வெல்லம் போட்டாலும் போகாது, கொட்டத்தான் வேண்டும். அதற்கும் அம்மாதான் வழி சொன்னாள். "அத ஏம்ல பாக்க? காத வச்சுக் கேளு." அன்றைக்கிலிருந்து ரேடியோவை நிறுத்திவிட்டுத்தான் எள் வறுப்பேன். பொரிகிற சத்தம் ஏறிக்கொண்டே போகும். உச்சிக்குப் போய், பிறகு மழை விட்டதும் ஓட்டில் சொட்டுகிற மாதிரி இடைவெளி விழும். முதல் இடைவெளி கேட்டதுமே சட்டியைத் தூக்கி எள்ளைத் தட்டில் கொட்டிவிட வேண்டும். அடுப்பை மட்டும் அணைத்துவிட்டுச் சட்டியிலேயே விட்டால் இரும்புச் சூட்டில் மிச்ச எள் கருகும்.

அதே சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு நாலு வற்றல் மிளகாய், ஒரு பிடி தேங்காய்த் துருவல் வதக்கி, எள், இரண்டு பல் பச்சைப் பூண்டு, கொட்டைப்பாக்கு அளவு புளி, உப்பு சேர்த்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து அரையுங்கள். ரொம்ப மைய வேண்டாம், எள் கொஞ்சம் நாக்கில் தட்டுப்பட வேண்டும்.

சோற்றைச் சூடாகத் தட்டில் போட்டு, நடுவில் குழி பறித்து, நல்லெண்ணெய் ஊற்றி, துவையலை ஓரத்தில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு அப்பளம். அவியல் இருந்தால் ராஜபோகம். மண்டியில் மீந்த கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய் என்று கைக்குக் கிடைத்ததை மனைவி அந்த நேரத்தில் அவியலாக்கிவிடுவாள். அதில் நான் தலையிடுவதில்லை.

மாசத்தில் ஒரு நாள் புரோட்டா

சம்பளத்தன்று ராத்திரி அடுப்புக்கு லீவு. புரோட்டாவை வீட்டில் செய்ய நான் முயன்றதில்லை, முயலவும் மாட்டேன். அது மாவை வீசி அடிக்கத் தெரிந்தவன் வேலை. கடையைத் தேர்ந்தெடுக்க என் வழி ஒன்றுதான். உள்ளே போகாமல் கல் பக்கம் இரண்டு நிமிஷம் நில்லுங்கள். கல்லிலிருந்து எடுத்த நாலைந்து புரோட்டாவை அடுக்கி, சூடு ஆறும் முன்னால் இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டுகிறார்களா என்று பாருங்கள். அந்தத் தட்டில்தான் இதழ் இதழாகப் பிரியும். முன்கூட்டியே சுட்டு அடுக்கி வைத்து, ஆள் வந்ததும் சூடு காட்டித் தருகிற கடை என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

உட்கார்ந்ததும் "பிச்சுப் போட்டு சால்னா ஊத்துங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிடுங்கள். இலையில் சால்னா ஊறி, புரோட்டா பாதி நனைந்து பாதி முறுகலாக இருக்கிற அந்த இரண்டு நிமிஷத்துக்குள் சாப்பிட வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் கூழாகிவிடும்.

குற்றாலத்தில் சாரல் விழுகிற ஆனி, ஆடியில் மட்டும் தென்காசி தாண்டிப் பிரானூர் பார்டர் வரை ஒரு நடை போய் வருவோம். அங்கே புரோட்டா சின்னதாக, ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். கூட நாட்டுக்கோழி. இப்போது கேரளா அங்கிருந்து இன்னும் மேற்கே, மலைக்குள்தான் தொடங்குகிறது. இங்கே எதற்கு பார்டர் என்று மகள் கேட்டாள். 1956 நவம்பர் 1 வரை பிரானூரை அடுத்த செங்கோட்டை இந்தப் பக்கத்தோடு சேரவில்லை, கேரளாவுக்கு முன்பிருந்த திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அந்த எல்லை போய்விட்டது, பேர் மட்டும் புரோட்டாவில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

பார்சல் வாங்கினால் சால்னாவைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். வீட்டில் அதை மறுபடி கொதிக்க வைத்து ஊற்றினால்தான் புரோட்டா உயிர் பெறும். அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. புரோட்டாவைப் பொடிப்பொடியாகப் பிய்த்து, கொதிக்கிற சால்னாவில் கால் மணி நேரம் ஊற வைத்து, ஸ்பூனால் மசித்துக் கொடுப்பேன். போன மாசம் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். உப்பில்லையா, உறைக்கிறதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் நல்லாத்தாம்ல இருக்கு. அந்தப் புளிமிளகாய்ல ரெண்டு சொட்டு விடு."